முப்பத்தொரு வழிப்போக்கர்கள்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்க ஒருவன் உண்டு என்பார்கள். தார்ச்சாலைக்கு வந்துவிட்ட தேரைக்கு யார் பொறுப்பு என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. எர்லென்ப்ரூக் என்ற புறநகரில் பதினோரு வருடங்களாக அந்தப் பொறுப்பை ஹார்ட்விக் பெனெகே பார்த்துவந்தார்.

அவர் கேட்டு வாங்கிய பொறுப்பில்லை. ஒரு மார்ச் மாதக் காலையில் ஆலைச் சாலை வழியாகச் சைக்கிளில் போகும்போது முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. நனைந்த கையுறை ஒன்று தரையில் விழுந்தது போல. அவருக்கு வேலை நகர நூலகத்தின் நிலவறையில். மேலே யாராவது ஒரு பழைய புத்தகம் கேட்டால் தேடி எடுத்து மின்தூக்கியில் வைக்க வேண்டும். அங்கே வேறு சத்தங்கள் கிடையாது. அதனால் அந்த ஒரு சத்தம் அவரோடேயே தங்கிவிட்டது.

ஆலைச் சாலைக்கு ஒரு பக்கம் காடு, மறுபக்கம் குளம். குளிர் விலகி முதல் மழை பெய்ததும் தேரைகள் காட்டிலிருந்து கிளம்பித் தாங்கள் பிறந்த குளத்துக்கு முட்டையிடப் போகும். நடுவில் முப்பத்தாறாம் எண் பஸ் ஓடுகிறது. ஆகவே காட்டோரமாக முழங்கால் உயரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக் வேலி கட்டி, வேலியை ஒட்டி முப்பத்தொரு வாளிகளை மண்ணில் விளிம்புவரை புதைத்துவைப்பார் பெனெகே. வேலியில் முட்டிய தேரை அதையொட்டியே நடந்து வாளியில் விழும். விடியும் முன் அவர் போய், ஒவ்வொரு வாளியாகத் தூக்கி, சாலையைக் கடந்து, குளத்தில் விட்டுவிட்டு, பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எண்ணிக்கை எழுதிக்கொள்வார். விடிந்தபின் போனால் காக்கைகள் முந்திக்கொள்ளும்.

ஆண் தேரைக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பருவத்தில் எது கைக்கு அகப்பட்டாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கட்டையை, சேற்றுக் கட்டியை, அவருடைய கட்டைவிரலை. பிடி இறுக்கமானது. ஒரு வருடத்தில் தன் கையை யாராவது அப்படிப் பிடிப்பது மார்ச் மாதத்தில் மட்டும்தான் என்பதை அவர் எப்போதோ கவனித்திருந்தார். அதை நோட்டில் எழுதவில்லை.

பன்னிரண்டாம் வருடம் ஜனவரியில் கடிதம் வந்தது. நகர உயிரிடப் பங்கேற்பு ஒருங்கிணைப்பு அலுவலகம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். வேலியும் வாளிகளும் இனி அங்கிருந்துதான் கொடுக்கப்படும். நேரில் வரவும்.

அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்கப் பாசி. தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது.

"அது பதப்படுத்தினது, ஹெர் பெனெகே. தண்ணியே ஊத்த வேண்டாம், பத்து வருஷம் இப்படியே இருக்கும்" என்றார் ஒருங்கிணைப்பாளர் ஃபிரௌ, அதாவது திருமதி, டிங்க்லாகே. நாற்பது வயது இருக்கும். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றில் வட்டம் போடுவார். "உக்காருங்க. உங்க சமூகத்துல இருந்து மத்தவங்க வெளியில நிக்கறாங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"சமூகத்துல மொத்தம் எத்தனை பேர்?"

"நான்தான்."

அவர் கணினியில் எதையோ தட்டினார். கணினி ஏற்கவில்லை. "அப்படின்னா நீங்க சமூகம் இல்ல. தனி ஆள்."

"தெரியும்" என்றார் பெனெகே.

"இனிமே தனி ஆளுக்கு வேலி கிடையாது. தப்பா நினைக்காதீங்க. பதினோரு வருஷமா ஒரே மனுஷனை நம்பி ஒரு உயிரினம் இருந்திருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இது தேரைக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. அலுவலகத்துக்கோ, சுத்தமா நல்லதில்ல. இத்தனை வருஷமா ஒருத்தரும் பங்கேற்கலன்னு ஆகிடுது பாருங்க."

"நான் போயிட்டுத்தானே இருந்தேன்?"

"போறது வேற, பங்கேற்கறது வேற." வட்டம் போட்டார். "சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தா சங்கம். சங்கம் இருந்தா வேலி. மார்ச் ஒண்ணுக்குள்ள."

"வேலி இல்லன்னா எல்லாம் பஸ்ல அடிபட்டுச் செத்துடுமே."

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு" என்றார் ஃபிரௌ டிங்க்லாகே கனிவாக. "ஆனா அதையும் சங்கம்தான் குடுக்க முடியும்."

பெனெகே வீட்டுக்கு வந்து யோசித்தார். ஆறு பேர் வேண்டும். கஸ்ஸலில் ஒரு தங்கை இருக்கிறாள். வெளியூர்க்காரர்கள் கணக்கில் வரமாட்டார்கள். நிலவறையில் உடன் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கடைசியில் சமையலறை அலமாரிக்குக் கீழே அடுக்கியிருந்த பார்சல்களைப் பார்த்தார்.

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் முற்பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். நூலகத்தில் அவர் முறை நண்பகலில்தான் தொடங்கும். எனவே எல்லோருக்கும் வரும் பார்சல்களைக் கூரியர்க்காரர் அவரிடம் கொடுத்துவிட்டு, உரியவர் தபால்பெட்டியில் 'பெனெகேயிடம் உள்ளது' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். வந்து வாங்குவார்கள். அவர் வீட்டு மணி அடிப்பது அதற்காக மட்டும்தான். ஒன்பது வருடப் பார்சல்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

இப்போது ஒவ்வொருவரும் பார்சல் வாங்க வந்தபோது ஒரு தாளையும் நீட்டினார்.

"தவளைக்குச் சங்கமா?" என்றாள் மூன்றாம் மாடி ஃபிரௌ ஸ்டோல்ட், சிகையலங்காரக் கடைக்காரி. "வாரத்துக்கு மூணு செருப்புப் பெட்டி வாங்கி வச்சுத் தர்றீங்க, கையெழுத்துப் போடமாட்டேனா? எங்க போடணும்?"

"தேரை" என்றார் பெனெகே.

"அதான். எங்க?"

நான்காம் மாடி ஓர்ஹான் முப்பத்தாறாம் எண் பஸ்ஸின் ஓட்டுநர். "அண்ணே, உண்மையச் சொல்லிடறேன்" என்றான். "அந்த ரோட்டுல காலைல முதல் வண்டி நான்தான் ஓட்டறேன். பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருப்பான். குறுக்க வந்தா பிரேக் போட முடியாது. நான் சங்கத்துல சேந்தா அது நல்லாவா இருக்கும்?"

"ஏழு பேர் வேணும், ஓர்ஹான்."

"அப்போ சரி. கொன்னவனும் ஒருத்தன் இருக்கட்டும்." கையெழுத்துப் போட்டான்.

தொடக்கக் கூட்டம் பெனெகே வீட்டுக் கூடத்தில் நடந்தது. பக்கத்து வீட்டில் ஆறு நாற்காலி கடன் வாங்கி, ஒரு கேக் செய்திருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. ஃபிரௌ ஸ்டோல்ட்தான் தலைவி, ஏனென்றால் அவளுக்குத்தான் சத்தமாகப் பேச வரும். "ஆட்சேபணை யாருக்காவது?" என்று அவள் கேட்டபோது ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனம் பெனெகேக்குப் பிடித்திருந்தது. ஏழு பேர் சேர்ந்து சும்மா இருப்பது வேறு மாதிரி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. பிறகு அவரவர் பார்சலை எடுத்துக்கொண்டு போனார்கள். கேக்கில் இரண்டு துண்டுகள் குறைந்திருந்தன. மீதியை வியாழக்கிழமைவரை அவரே சாப்பிட்டார்.

வேலி வந்தது. கூடவே பயிற்சிப் பட்டறையும் வந்தது.

மாவட்ட மன்றத்தில் வண்ண அட்டைகள் கொடுத்து, 'தேரையோடு எனக்குள்ள உறவு என்ன, எனது கனவு என்ன' என்று எழுதச் சொன்னார்கள். சங்கத்திலிருந்து வந்தவர் பெனெகே ஒருவர்தான். அவர் வெகுநேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்' என்று எழுதினார். அதை வாங்கிய நெறியாளர் 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். பிற்பகலில் முதுகு வலிக்காமல் வாளி தூக்குவது எப்படி என்ற பாடம். முடிவில் சான்றிதழ் தந்தார்கள்: ஒரு வாளி, வலது கை. இடது கைக்கு இலையுதிர் காலத்தில் வகுப்பு உண்டாம்.

மார்ச் நான்காம் தேதி முதல் மழை. பெனெகே போனார். ஐந்தாம் தேதி போனார். ஒவ்வொரு நாளும் அலுவலகத்தின் பங்கேற்புத் தாளில் யார் வந்தார்கள் என்ற இடத்தில் உண்மையாகத் தன் பெயரை எழுதினார். எல்லாத் தாளும் அஞ்சலில் போயின.

பதின்மூன்றாம் தேதி ஃபிரௌ டிங்க்லாகே வீட்டுக்கே வந்தார். மணி அடித்ததும் யாருடைய பார்சல் என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தார் பெனெகே.

"கொஞ்சம் சங்கடமான விஷயம், ஹெர் பெனெகே. உங்க தாளெல்லாம் பார்த்தோம். ஏழு உறுப்பினர். அதுல நூறு சதவீத வேலையும் ஒரே ஆள்."

"ஆமா. நான்."

"இதை நாங்க நிறைய இடத்துல பார்த்திருக்கோம். வலுவான ஒரு ஆள் மத்தவங்க இடத்தை எல்லாம் அடைச்சுக்குவாரு. அவருக்கே அது தெரியாது. இதுக்கு ஆதிக்கம்னு பேர்."

பெனெகே திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, ஆணியில் ஒரு கோட்டு.

"நான் சொல்றதை நம்ப வேண்டாம். மத்த உறுப்பினர்களோட பேட்டி எடுத்தோம்." அவர் தாளைப் பார்த்து வாசித்தார். "'நான் போகலாம்னு ஒரு நாள் நினைச்சேன், ஆனா அவர் எப்படியும் முடிச்சிருப்பாருன்னு திரும்பிப் படுத்துட்டேன்.' பார்த்தீங்களா, இது ஒதுக்கப்பட்ட ஒருத்தரோட குரல். இன்னொருத்தர்: 'வாளி எங்க இருக்குன்னே எனக்கு யாரும் காட்டல.' இன்னொருத்தர்: 'அண்ணன் நல்ல மனுஷன், அவரை விட்டுடுங்க.' இதுல பயம் தெரியுது."

"அது ஓர்ஹான்."

"பேர் ரகசியம்." தாளை மடித்தார். "அதனால ஒதுங்கல் நடவடிக்கை. நாளையிலிருந்து பதினாலு நாள் நீங்க வேலிப் பக்கம் வரக்கூடாது. இடம் காலியானாத்தான் மத்தவங்க உள்ள வருவாங்க. இது தண்டனை இல்ல, ஹெர் பெனெகே. இடம் விட்டுத் தர்றது ஒரு பரிசு. மீறினா வேலியை எடுத்துட்டுப் போயிடுவோம், வேற வழியில்ல."

"இந்தப் பதினாலு நாள்லதான் முக்கால்வாசி கடக்கும்."

"ரொம்ப நல்லது. நிறைய பேருக்கு வாய்ப்பு."

அன்று மாலை பெனெகே ஆறு வீட்டு மணிகளையும் அடித்தார். அவர் படியேறி மற்றவர்கள் கதவுக்குப் போனது அதுவே முதல் தடவை; கையில் பார்சலும் இல்லை. ஃபிரௌ ஸ்டோல்ட் கதவு திறந்ததும் அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். காலை ஐந்தே முக்காலா, கடை இருக்கே என்றாள். இரண்டு வீட்டில் சின்னக் குழந்தைகள். ஒருவருக்கு முதுகு. ஒருவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடியது. ஓர்ஹான் மட்டும் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அந்த நேரத்துல நான் அந்த ரோட்டுலதான் இருப்பேன், அண்ணே. ஆனா பஸ்ஸுக்குள்ள. மெதுவா ஓட்டறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

மறுநாள் காலை மழை தூறியது, குளிர் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் இதைவிட நல்ல காலை வந்ததில்லை. பெனெகே விடியும் முன் போய், குளத்துப் பக்க நடைபாதையில் நின்றார். வேலிப் பக்கம்தானே வரக்கூடாது என்றார்கள். எதிர்ப்புறம் குடை பிடித்துக்கொண்டு ஃபிரௌ டிங்க்லாகே நின்றிருந்தார். கையில் அட்டை, அதில் படிவம். காலியான இடத்துக்குள் யார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வந்திருந்தார்.

யாரும் வரவில்லை.

முப்பத்தாறாம் எண் வண்டி மெதுவாக, மிக மெதுவாகப் போயிற்று. ஓர்ஹான் தலையசைத்தான். பின்னால் நாற்பது பேரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் சாம்பல் நிறமாயிற்று. முதல் காக்கை வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்தது.

"வாளி நிறைஞ்சிருக்கா?" என்று சாலைக்கு இந்தப் புறமிருந்து கேட்டார் பெனெகே.

ஃபிரௌ டிங்க்லாகே குனிந்து பார்த்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். "ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. சின்னதா ஏதோ சத்தம் போடுது."

"அது ஆண். வேற ஆண் கட்டிப்பிடிச்சா, விடுன்னு சொல்லும். தூக்கிட்டு வாங்க."

"எனக்குச் சான்றிதழ் இல்ல."

"எனக்கு இருக்கு. வலது கை."

"உங்களுக்கு அனுமதி இல்ல."

இருவரும் சாலையின் இரு பக்கத்திலும் நின்றார்கள். இரண்டாவது காக்கை வந்தது. ஃபிரௌ டிங்க்லாகே பையிலிருந்து வழிகாட்டிக் கையேட்டை எடுத்தார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கடைசியில். "பிரிவு பதினாறு. ஆபத்துல இருக்கற பிராணிக்கு வழிப்போக்கர் யாரும் உதவலாம். சான்றிதழ் தேவையில்ல. ஆனா உறுப்பினர் வழிப்போக்கரா இருக்க முடியாது."

பெனெகே நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். சங்கத்திலிருந்து விலகுவதாகப் பென்சிலால் எழுதிச் சாலையின் நடுவரை வந்து நீட்டினார். பென்சில் செல்லாது என்று சொல்லி ஃபிரௌ டிங்க்லாகே தன் பேனாவைக் கொடுத்தார். பெனெகே மேலேயே மீண்டும் எழுதினார்.

"இப்ப தூக்கலாமா?"

"நிக்கறவர் வழிப்போக்கர் இல்லையே, ஹெர் பெனெகே. வழிப்போக்கர்னா எங்கேயோ போயிட்டிருக்கணும்."

பெனெகே சாலை முனையிலிருந்த மஞ்சள் தபால்பெட்டிவரை நடந்தார். அங்கிருந்து திரும்பி, எங்கோ போகிறவர் போல வந்தார். முதல் வாளியைக் கண்டு நின்றார். தூக்கினார். குளத்தில் விட்டுவிட்டு வந்து வாளியைப் புதைத்தார். அடுத்த வாளிக்குக் கை நீட்டினார்.

"ஒரு சம்பவத்துக்கு ஒரு வழிப்போக்கர்" என்றார் ஃபிரௌ டிங்க்லாகே. தாழ்ந்த குரலில் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

பெனெகே மறுபடியும் தபால்பெட்டிக்குப் போனார்.

முப்பத்தொரு முறை அவர் அந்த வழியாகத் தற்செயலாக வந்தார். பன்னிரண்டாவது முறைக்குப் பிறகு ஃபிரௌ டிங்க்லாகே குடையை ஆட்டிக் காக்கைகளை விரட்டத் தொடங்கினார். அதற்குச் சான்றிதழ் தேவையா என்று கையேட்டில் இல்லை. பத்தொன்பதாவது முறை ஒரு ஆண் தேரை பெனெகேயின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடாமல், குளக்கரைவரை வந்து திரும்பவும் சாலைக்கே வந்துவிட்டது.

"இது என்ன பண்ணுது?"

"பிடிச்சிருக்கு."

"எப்ப விடும்?"

"நாம சத்தம் போட்டா விடும்" என்றார் பெனெகே. அவர் சத்தம் போடவில்லை. ஃபிரௌ டிங்க்லாகேயும் எதுவும் எழுதாமல் நின்றார். பிறகு அதைக் குளத்தில் விட்டுவிட்டுத் தபால்பெட்டிக்கு நடந்தார் பெனெகே.

எல்லாம் முடிந்தபோது எட்டேகால். ஃபிரௌ டிங்க்லாகே படிவத்தை நிரப்பினார். 'ஆதிக்க உறுப்பினர் விலகியது: ஆம். காலியான இடத்துக்குள் வந்தோர்: முப்பத்தொருவர்.' படிவத்தில் வேறு கட்டங்கள் இல்லை.

"நாளைக்கு நான் வரமுடியாது. வழிப்போக்கர்கள் சீட்டு நிரப்பி இதுல போட்டுட்டாப் போதும்" என்று ஒரு கட்டுச் சீட்டையும் மழை புகாத பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் முப்பத்தொரு முறை. வாளியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பார்த்தால் சீட்டு. அதில் பெயர் கட்டாயமில்லை. 'இங்கே எப்படி வந்தீர்கள்?' என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: தற்செயலாக, விளம்பரம் பார்த்து, நண்பர் மூலம். முதல் வாரம் முழுக்க 'தற்செயலாக' என்பதிலேயே கோடிட்டார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், இருபத்தாறாவது சீட்டில், கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'நண்பர் மூலம்' என்பதில் கோடிட்டார். யாருக்கும் அதனால் நட்டமில்லை. மறுநாள் நான்கு சீட்டில் அப்படிக் கோடிட்டார்.

ஏப்ரலில் வேலியைக் கழற்றினார்கள். இருபத்தாறு நாட்கள். எண்ணூற்று ஆறு வழிப்போக்கர்கள்.

இலவச வாரப் பத்திரிகையில் அது முதல் பக்கத்தில் வந்தது. எர்லென்ப்ரூக்கில் ஏழில் ஒருவர் தேரை சுமந்திருக்கிறார். நகரத்தின் சிறந்த பங்கேற்புச் சமூகத்துக்கான விருது ஆலைச் சாலைச் சங்கத்துக்கு. விழாவில் துறைத் தலைவர் பேசியதை அப்படியே போட்டிருந்தார்கள்: "எர்லென்ப்ரூக் நமக்குக் கற்றுத் தருவது என்ன? ஒரு தனி மனிதனை நம்பியிருந்தவரை அங்கே சமூகமே இல்லை. அந்த ஒருவரை நாம் அகற்றினோம். மறுநாள் காலையே முப்பத்தொருவர் வந்தார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. அதுதான் இந்த வெற்றியின் அழகு." மேடையில் ஆறு பேர் நின்ற படம். ஃபிரௌ ஸ்டோல்ட் புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஓர்ஹான் மட்டும் காமிராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருதுப் பலகையில் பெயர் பொறிக்க வேண்டியிருப்பதால் பின்னர் அனுப்பிவைக்கப்படும் என்று கடைசி வரி.

மே மாதம் ஒரு முற்பகலில் மணி அடித்தது. கூரியர்க்காரரிடம் தட்டையான, கனமான ஒரு பெட்டி.

"ஆலைச் சாலைத் தேரைச் சங்கம், தலைவி ஸ்டோல்ட்" என்று வாசித்தார். "மேல ஆளில்ல. நீங்க அந்தச் சங்கமா?"

"இல்ல" என்றார் பெனெகே.

"அப்போ யார்னு போட?"

"பக்கத்து வீடு."

கையெழுத்துப் போட்டார். பெட்டியைச் சமையலறை அலமாரிக்குக் கீழே, இரண்டு செருப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று சாயங்காலம் அவருக்கு விடுமுறை. ஆறு மணிக்கு ஃபிரௌ ஸ்டோல்ட் படியேறி வரும் சத்தம் கேட்டது. மணி அடித்தது. செருப்புப் பெட்டிகளை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. சங்கத்துக்கு வந்தது."

"ஐயோ, அது இவ்வளவு பெரிசா? எங்க வீட்டுல எங்க மாட்டறது?" என்றாள். "உங்ககிட்டயே இருக்கட்டுமே. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

சரி என்றார். கதவைச் சாத்திவிட்டு, அவள் இரண்டு மாடி ஏறிப் போகும்வரை அங்கேயே நின்றார். பெட்டியை அவர் பிரிக்கவில்லை; அடுத்தவர் பார்சலைப் பிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவள் வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று முதலில் காத்திருந்தார். ஜூன் கடைசியில், அவள் மணி அடிக்கும்போதெல்லாம், அதைக் கேட்டுவிடக்கூடாதே என்று இருந்தது. அது இருக்கும்வரை அவளுக்கு இன்னொரு முறை வர ஒரு காரணம் இருக்கும்.